வாடகை கட்ட முடியாத மாதம்: ஸ்காபரோவுக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

"அக்கா, கதவுக்குக் கீழால ஒரு பேப்பர் தள்ளிவிட்டிருக்கினம். இந்த மாதத்துக்குள்ள எழும்பச் சொல்லிக் கிடக்கு. பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு எங்க போறது?"

ஸ்காபரோவில் உணவுப் பொதி கட்டும் வேலைக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து இப்படியான அழைப்புகள் எனக்கு வருகின்றன. ஆட்கள் வேறு, தெரு வேறு, ஆனால் கேள்வி ஒன்றுதான். பெரும்பாலும் அந்தப் பேப்பர் வந்து இரண்டு கிழமை ஆகியிருக்கும். அதுவரை அவர்கள் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்பதில்லை. நாங்கள் வந்த புதிதில் என் கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை நின்றுபோனது. அப்போது வந்த இப்படியொரு கடிதத்தை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்தவள் நான். ஊரில் வாடகைப் பாக்கி என்றால் வீட்டுக்காரர் வாசலில் நின்று சத்தம் போடுவார், அயல் முழுக்கக் கேட்கும். அந்தப் பயம்தான். கடைசியில் யாரும் எங்களைத் துரத்தவில்லை. நாங்களே பயந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு சாமான்களைக் கட்டிக்கொண்டு சொந்தக்காரரின் பேஸ்மென்ட்டுக்குப் போனோம். அந்தக் கடிதம் வெறும் அறிவித்தல், அதை வைத்து யாரும் எங்களை வெளியேற்ற முடியாது என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அதனால் இதை எழுதுகிறேன். ரொறன்ரோவில், குறிப்பாக ஸ்காபரோவில், வாடகைக்கு இருக்கும் தமிழ்க் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது. ஒன்ராறியோவின் வேறு ஊர்களில் இருப்பவர்களுக்கும் சட்டம் அதேதான். உதவும் அமைப்புகளின் பெயர்கள் மட்டும் மாறும்.

முதலில் அந்தப் பேப்பரை வாசியுங்கள்

மேலே ஒரு மூலையில் ஆங்கில எழுத்து 'என்' என்றும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். அதைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

என் 4 என்றால் வாடகைப் பாக்கி. எவ்வளவு பாக்கி, எந்தத் திகதிக்குள் கட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் திகதிக்குள் முழுப் பாக்கியையும் கட்டினால் அந்த அறிவித்தல் செல்லாது. வந்த கதை அத்தோடு முடிந்தது. கட்ட முடியாவிட்டாலும் அன்றைக்கு நீங்கள் வெளியே போக வேண்டியதில்லை. அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரர் லான்ட்லோர்ட் அன்ட் டெனன்ட் போர்ட் என்ற தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்கலாம். எல்லாரும் அதை எல்டிபி என்றுதான் சொல்வார்கள். அங்கே விசாரணை நடக்க வேண்டும், உத்தரவு வர வேண்டும். அதற்குப் பிறகும் உங்களை வெளியேற்றும் அதிகாரம் ஷெரிஃப் எனப்படும் நீதிமன்ற அதிகாரிக்கு மட்டும்தான் உண்டு. வீட்டுக்காரர் தானாகப் பூட்டை மாற்றுவதும், சாமான்களைத் தூக்கி வெளியே வைப்பதும், ஹீட்டரையோ தண்ணீரையோ நிறுத்துவதும் சட்டப்படி குற்றம்.

என் 12 என்றால் வீட்டுக்காரரோ அவருடைய நெருங்கிய குடும்பத்தவரோ அந்த இடத்தில் வந்து இருக்கப்போகிறார் என்று சொல்கிறார்கள். குறைந்தது 60 நாள் அவகாசம் தர வேண்டும். இதற்கும் விசாரணை உண்டு. உண்மையில் குடிவரப்போகிறார்களா, இல்லை கூடிய வாடகைக்கு வேறு ஆளை இருத்தப்போகிறார்களா என்று அங்கே கேட்கலாம்.

என் 11 வேறு சாதி. அது அறிவித்தல் அல்ல. "இருவரும் சம்மதித்து முடித்துக்கொள்கிறோம்" என்ற ஒப்பந்தம். நீங்கள் கையெழுத்துப் போட்டால் நீங்களாகவே போகச் சம்மதித்ததாக ஆகிவிடும். "சும்மா ஒரு சைன்தான் தங்கச்சி, ஃபோர்மாலிட்டி" என்று தமிழிலேயே நயமாகக் கேட்பார்கள். கேட்பவர் நம் ஊர்க்காரராகவும் இருப்பார். கையெழுத்துப் போடாதீர்கள். "வாசிச்சுப்போட்டுத் தாறன்" என்று சொல்லி வாங்கி வையுங்கள். ஒரு சட்ட உதவியாளர் பார்க்கும்வரை பேனையை எடுக்க வேண்டாம்.

வட்ஸப்பில் "மாதக் கடைசியில் எழும்புங்கோ" என்று வந்த செய்தியோ, வாயால் சொன்ன சொல்லோ இந்தப் படிவங்களுக்கு ஈடாகாது. ஆனாலும் அந்தச் செய்தியை அழிக்காதீர்கள். பிறகு உங்களுக்கு அது சாட்சியாக உதவும்.

குசினி யாருடையது?

சிறிய கேள்விதான், ஆனால் பேஸ்மென்ட்டில் இருப்பவர்களுக்கு இதைவிட முக்கியமான கேள்வி இல்லை.

ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டம் மேலே சொன்ன பாதுகாப்பெல்லாம் தருகிறது. ஆனால் வீட்டுக்காரருடனோ, அந்த வீட்டில் வசிக்கும் அவருடைய கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோருடனோ குசினியையோ குளியலறையையோ பகிர வேண்டும் என்ற ஏற்பாட்டில் நீங்கள் இருந்தால் அந்தச் சட்டம் பொருந்தாது. மேல்மாடிக்குப் போய்ச் சமைத்துவிட்டுக் கீழே வந்து சாப்பிடும் குடும்பங்கள் நம்மில் நிறைய. அவர்களுக்கு எல்டிபி வழி மூடியிருக்கும். அதனால் வீட்டுக்காரருடன் முறுகல் தொடங்கும்போதே அடுத்த இடம் தேடத் தொடங்க வேண்டும், உதவியும் அன்றே கேட்க வேண்டும்.

உங்களுக்குத் தனிக் குசினியும் தனிக் குளியலறையும் இருந்தால் சட்டம் உங்களுக்கும் உண்டு. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் உண்டு. அந்த பேஸ்மென்ட்டுக்கு மாநகரசபையின் அனுமதி இல்லாவிட்டாலும் உண்டு. "இது இல்லீகல் பேஸ்மென்ட், நீ முறைப்பாடு செய்ய ஏலாது" என்று மிரட்டினால் நம்ப வேண்டாம்.

காசு கையில் கொடுப்பவர்கள் ஒவ்வொரு மாதமும் பற்றுச்சீட்டு கேளுங்கள். கேட்டால் இலவசமாகக் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை. கேட்கக் கூச்சமாக இருந்தால் வங்கி வழியாக இன்டெராக் ட்ரான்ஸ்ஃபரில் அனுப்புங்கள், அதுவே பதிவாகிவிடும். வீட்டுக்குள் வரும்போது ஒரு மாத வாடகையைக் கடைசி மாதத்துக்கான முற்பணமாகக் கேட்கலாம். உடைந்தால் கழிக்க என்று தனியாக டமேஜ் டெபொசிட் வாங்க முடியாது.

211ஐ அழையுங்கள்

யாரிடம் போவது என்று தெரியாத எவருக்கும் நான் முதலில் சொல்வது இந்த மூன்று இலக்கம்தான். 24 மணி நேரமும் எடுப்பார்கள். காசு இல்லை. உரைபெயர்ப்பாளர் மூலம் 150க்கும் மேற்பட்ட மொழிகளில் கதைக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். இலக்கத்தை அழுத்தி, ஆள் வந்ததும் "டமில், ப்ளீஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருக்கும், வைத்துவிடாதீர்கள். பலர் அந்த இடத்தில்தான் வைத்துவிடுகிறார்கள். உரைபெயர்ப்பாளரைத் தேடி இணைக்கும் நேரம் அது.

அவர்களிடம் காசு இல்லை. அவர்கள் வழிகாட்டிகள். உங்கள் தபால் குறியீட்டை வைத்து எந்த அமைப்பு உங்கள் பகுதிக்கு என்று பார்த்துச் சொல்வார்கள். அதனால் கதை முழுவதையும் சொல்லிக் களைத்துப் போகாமல் ஐந்து விஷயங்களைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள்: தபால் குறியீடு, வீட்டில் எத்தனை பேர் (பிள்ளைகளின் வயதோடு), மாத வாடகை எவ்வளவு, பாக்கி எவ்வளவு, கையில் எந்தப் படிவம் எந்தத் திகதியோடு இருக்கிறது. பிறகு மூன்றைக் கேளுங்கள். வாடகைப் பாக்கிக்கு உதவும் இடம் எது? என் முகவரிக்குரிய சமூக லீகல் கிளினிக் (இலவச சட்ட உதவி நிலையம்) எது? பக்கத்தில் உணவு வங்கி (இலவச உணவுப் பொதி தரும் இடம்) எங்கே, எந்த நாள்?

கணவன் மனைவி இருவரும் பக்கத்தில் இருந்து அழைத்தால் நல்லது. ஒருவர் கதைக்க மற்றவர் எழுதலாம். பிள்ளையைக் கொண்டு கதைப்பிக்க வேண்டாம் என்று ஒவ்வொரு குடும்பத்திடமும் கெஞ்சிக் கேட்கிறேன். பத்து வயதுப் பிள்ளை "நாங்கள் வாடகை கட்டவில்லை" என்று ஆங்கிலத்தில் யாருக்கோ விளக்கிச் சொல்வதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை அன்றிரவு நித்திரை கொண்டிருக்காது. உரைபெயர்ப்பாளர் இருக்கிறார், அவரைக் கேளுங்கள்.

குடிவரவுப் பேப்பர் இல்லாதவர்கள், அகதிக் கோரிக்கை முடிவுக்குக் காத்திருப்பவர்கள் இதை வாசிக்கும்போதே பயப்படுவீர்கள் என்று தெரியும். 211க்கு உங்கள் பெயர்கூடத் தேவையில்லை. ரொறன்ரோ மாநகரசபை 2013இல் எடுத்த முடிவின்படி, குடிவரவு நிலை எதுவானாலும் நகரச் சேவைகளைப் பயமின்றிப் பெற வழி செய்திருக்கிறார்கள். மாகாணமோ மத்திய அரசோ தரும் சில உதவிகளுக்கு மட்டும் நிலை கேட்பார்கள். எதற்குக் கேட்பார்கள் என்று 211இலேயே கேட்டுக்கொள்ளலாம்.

ஓர் உறைக்குள் எல்லாம்

உதவி தாமதமாவதற்குப் பேப்பர்கள்தான் பெரும்பாலும் காரணம். ஒரு பெரிய உறை வாங்கி இன்றே இவற்றைப் போட்டு வையுங்கள். வீட்டில் உள்ள எல்லாருடைய அடையாள ஆவணங்கள் (பழுப்பு நிற அகதிக் கோரிக்கைத் தாளோ, பிஆர் காட்டோ எதுவானாலும்), வாடகை ஒப்பந்தம் அல்லது வாடகை கட்டியதற்கான பதிவு, வந்த அறிவித்தல், கடைசி இரண்டு மூன்று மாத வங்கிக் கணக்குப் பதிவு, சம்பளத் துண்டு, வேலை போயிருந்தால் வேலைத்தலம் தரும் ஆர்ஓஇ என்ற வேலைப் பதிவுத் தாள், வரி மதிப்பீட்டுக் கடிதம், ஹைட்ரோ (மின்சார) பில்.

இவற்றை ஃபோனிலும் படம் எடுத்து வையுங்கள். யாருக்கும் மூலப் பிரதியைக் கொடுக்காதீர்கள். படிவம் நிரப்பித் தர நூறு டொலர், இருநூறு டொலர் என்று கேட்பவர்கள் நம் சமூகத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். நான் இங்கே சொல்லும் எந்த உதவிக்கும் விண்ணப்பிக்கக் காசு கட்டத் தேவையில்லை.

பாக்கிக்குக் காசு எங்கிருந்து?

இரண்டு வழிகள். நீங்கள் எந்தப் பக்கம் என்பதை உங்கள் வருமானம் தீர்மானிக்கும்.

வேலை செய்கிறீர்கள், அல்லது வேலையில்லாக் காப்புறுதி எடுக்கிறீர்கள், ஒரு மாதம் தவறிவிட்டது என்றால் ரொறன்ரோ ரென்ற் பாங்க். மாநகரசபையின் காசில் சமூக அமைப்புகள் நடத்துவது. நெய்பர்ஹூட் இன்ஃபர்மேஷன் போஸ்ட் என்ற அமைப்பு அதை முன்னின்று நடத்துகிறது. முன்பு வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தார்கள், இப்போது திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவியாகக் கொடுக்கிறார்கள். காசு உங்கள் கைக்கு வராது, நேரே வீட்டுக்காரருக்குப் போகும். அவர்கள் பார்ப்பது ஒன்று: இந்தப் பாக்கியை அடைத்துவிட்டால் வரும் மாதங்களில் உங்கள் வருமானத்தால் வாடகை கட்ட முடியுமா? அதனால் "எங்களிட்ட ஒண்டுமே இல்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். ஏன் தவறியது, எப்போது சீராகும் என்று சொல்லுங்கள். "கணவர் கை முறிந்து ஆறு கிழமை வேலைக்குப் போகவில்லை, வரும் திங்கள் திரும்பப் போகிறார்" என்பது அவர்கள் தேடும் பதில். வேலைத்தலத்தின் கடிதம் ஒன்றும் கூட இருந்தால் இன்னும் நல்லது.

வருமானமே நின்றுவிட்டது என்றால் ஒன்ராறியோ வேர்க்ஸ் என்ற அரச உதவிப்பணம். நம்மவர்கள் வெல்ஃபெயர் என்பார்கள். அகதிக் கோரிக்கை வைத்திருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். தொகை மிகக் குறைவு, மறைக்க விரும்பவில்லை. தனியாளுக்கு அதிகபட்சம் மாதம் 733 டொலர், 2018இலிருந்து அது ஏறவில்லை. அந்தக் காசுக்கு ஸ்காபரோவில் ஓர் அறைகூடக் கிடைப்பது கஷ்டம். ஆனால் அதனோடு சேர்ந்து மருந்துச் செலவு மூடப்படும். ரொறன்ரோவில் ஒன்ராறியோ வேர்க்ஸ் எடுப்பவர்களுக்கு வாடகைப் பாக்கிக்கும் முற்பணத்துக்கும் ஹவுசிங் ஸ்டெபிலைசேஷன் ஃபண்ட் என்று ஒன்று உண்டு. அதைத் தானாகத் தர மாட்டார்கள். உங்கள் கேஸ்வேர்க்கரிடம் (உங்கள் கோப்பைப் பார்க்கும் அலுவலரிடம்) அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மனைவியையோ கணவனையோ பெற்றோரையோ ஸ்பொன்சர் செய்ய இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். மாற்றுத்திறன் காரணமாக அல்லாமல் வெல்ஃபெயர் எடுத்துக்கொண்டிருக்கும் காலத்தில் ஸ்பொன்சர் செய்ய முடியாது. எடுப்பதை நிறுத்திய பிறகு செய்யலாம். உணவு வங்கியும் ரென்ற் பாங்க்கும் இதில் சேராது. "உணவுப் பொதி எடுத்தால் ஸ்பொன்சர் போகாது" என்று யாரோ சொன்னதை நம்பி மூன்று பிள்ளைகளோடு ஒரு தாய் பல மாதம் வராமல் இருந்தார். அது பொய்.

அப்புறம், கடன். மெயின் ரோட்டுகளில் மஞ்சள் பலகை போட்டு உடனே காசு தருகிறோம் என்று இருக்கும் பேடே லோன் கடைகளில் 100 டொலர் கடனுக்கு 14 டொலர் வரை கட்டணம் எடுக்கலாம். கேட்கச் சிறிதாக இருக்கும். அது இரண்டு கிழமைக்கு. அடுத்த சம்பளத்தில் அதைக் கட்டிவிட்டு, குறைந்துபோன காசுக்காகத் திரும்பவும் அங்கேயே போவீர்கள். சீட்டைக் குறைந்த தொகைக்கு எடுத்து வாடகை கட்டுவதும் அப்படித்தான், மாதாமாதம் சீட்டுக்காசும் வாடகையும் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும். முதலில் ரென்ற் பாங்க்கைக் கேட்டுப் பாருங்கள்.

வீட்டுக்காரரிடமும் எழுத்தில் சொல்லுங்கள். நாலு வரி போதும்: இவ்வளவு பாக்கி இருக்கிறது, உதவிக்கு விண்ணப்பித்திருக்கிறேன், இன்ன திகதியில் இவ்வளவு தருவேன், மீதியை இப்படித் தருவேன். முழுக் காசு இல்லாவிட்டாலும் இருப்பதைக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். முடியாத தொகையை வாக்குக் கொடுக்காதீர்கள்.

லீகல் கிளினிக்கும் விசாரணை நாளும்

ஒன்ராறியோ முழுவதும் லீகல் எய்ட் என்ற சட்ட உதவி அமைப்பின் காசில் சமூக லீகல் கிளினிக்குகள் இயங்குகின்றன. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு இலவசம். ஒவ்வொன்றுக்கும் ஒரு எல்லை உண்டு. ஸ்காபரோவில் ஸ்காபரோ கம்யூனிட்டி லீகல் சேர்விசஸ், வெஸ்ட் ஸ்காபரோ கம்யூனிட்டி லீகல் சேர்விசஸ் என்று இருக்கின்றன. உங்கள் முகவரி எதற்குள் வருகிறது என்று 211 சொல்லும். தென்னாசியச் சமூகத்துக்கென்றே சால்கோ என்று ஒரு கிளினிக் இருக்கிறது, தமிழிலும் உதவி கேட்கலாம். லீகல் எய்ட் ஒன்ராறியோவின் இலக்கம் 1-800-668-8258.

அறிவித்தல் வந்த அன்றே அழையுங்கள். விசாரணைக்கு முதல் நாள் அழைத்தால் அவர்களால் அதிகம் செய்ய முடியாது.

எல்டிபி விசாரணைகள் பெரும்பாலும் வீடியோவில் நடக்கின்றன. திகதியோடு கடிதமோ மின்னஞ்சலோ வரும். போகாமல் விடக் கூடாது. நீங்கள் இல்லாமலே முடிவெடுத்துவிடுவார்கள். நான் பார்த்த துயரமான கதைகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் நடந்தவை. வேலைக்கு லீவு கேட்கப் பயம், ஆங்கிலம் வராது என்ற கூச்சம், "போனால் பேசுவினம்" என்ற வெட்கம். வீட்டில் இணையம் இல்லாவிட்டால் தொலைபேசியாலும் சேரலாம். உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் முன்கூட்டியே எல்டிபிக்கு எழுதிக் கேளுங்கள்.

அன்றைக்கு விசாரணை தொடங்கும்போது "டெனன்ட் டியூட்டி கவுன்சிலுடன் கதைக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். இலவச சட்ட ஆலோசனை அங்கேயே கிடைக்கும். தனியாக ஓர் அறைபோல ஒதுக்கித் தருவார்கள், அதில் உங்கள் நிலையை விளக்கலாம்.

உத்தரவு போடும் அதிகாரி பாக்கியை மட்டும் பார்ப்பதில்லை. எல்லாச் சூழ்நிலையையும் பார்த்து வெளியேற்றத்தை மறுக்கவோ தள்ளிவைக்கவோ சட்டம் அவருக்கு இடம் கொடுக்கிறது. வீட்டில் கைக்குழந்தை, நோயாளி, பிள்ளைகளின் பாடசாலை, ரென்ற் பாங்க்கில் விண்ணப்பம் இருப்பது எல்லாவற்றையும் சொல்லுங்கள், பேப்பரோடு காட்டுங்கள். பலர் தவணை ஒப்பந்தத்தோடு வெளியே வருகிறார்கள்: வழமையான வாடகையோடு மாதம் இவ்வளவு பாக்கி. அந்தத் தவணையில் ஒன்று தவறினாலும் வீட்டுக்காரர் இன்னொரு விசாரணை இல்லாமலே வெளியேற்ற உத்தரவு கேட்கக்கூடும். அதனால் கட்டக்கூடிய தொகைக்கு மட்டும் சம்மதியுங்கள்.

உத்தரவே வந்துவிட்டாலும் கதவு மூடிவிடவில்லை. பாக்கியையும் விண்ணப்பச் செலவையும் உத்தரவில் உள்ள திகதிக்குள் கட்டினால் அது செல்லாமல் போகும். உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கே கிளினிக்கை அழையுங்கள்.

வாடகைக்குக் காசு மிஞ்ச, மற்றச் செலவைக் குறைக்க

சாப்பாட்டுக்குப் போகும் காசைத்தான் முதலில் மீட்கலாம். டெய்லி பிரெட் உணவு வங்கி 1983இலிருந்து ரொறன்ரோவில் இயங்குகிறது, அதனிடமிருந்து பொருள் பெறும் சிறிய உணவு வங்கிகள் நகரம் முழுக்க இருக்கின்றன. அஜின்கோர்ட் கம்யூனிட்டி சேர்விசஸ், மால்வேர்ன் ஃபாமிலி றிசோர்ஸ் சென்ரர், ஃபீட் ஸ்காபரோ போன்றவை நம் ஆட்கள் வாழும் பகுதிகளிலேயே உள்ளன. சிலவற்றுக்கு முன்பதிவு வேண்டும். வெறும் ரின் சாப்பாடு தருவார்கள் என்று நினைக்க வேண்டாம், அரிசியும் பருப்பும் மரக்கறியும் பல இடங்களில் கிடைக்கும். மாட்டிறைச்சி வேண்டாம், சைவம் என்றால் சொல்லுங்கள். சொல்வது பிகு அல்ல. நாங்கள் பொதி கட்டும்போது அதைப் பார்த்துத்தான் கட்டுகிறோம்.

ஹைட்ரோ, காஸ் பாக்கி இருந்தால் லீப் என்ற அவசர உதவி உண்டு. மாதாமாதம் ஹைட்ரோ பில்லில் குறைக்க ஓஇஎஸ்பி என்ற திட்டம் உண்டு. பில் உங்கள் பெயரில் இருந்தால் விண்ணப்பியுங்கள். நவம்பர் 15 முதல் ஏப்ரல் 30 வரை பாக்கிக்காக வீட்டு மின்சாரத்தை வெட்ட முடியாது. மே மாதம் பிறந்ததும் வெட்டலாம், அதனால் அந்தக் குளிர்கால அவகாசத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

வரி தாக்கல் செய்யாமல் இருப்பவர்கள் வரவேண்டிய காசை விட்டுக்கொண்டிருக்கிறார்கள். வருமானமே இல்லாவிட்டாலும் கணவன், மனைவி இருவரும் ஒவ்வொரு வருடமும் தாக்கல் செய்ய வேண்டும். அப்போதுதான் பிள்ளைகள் காசு எனும் கனடா சைல்ட் பெனிஃபிட், ஜிஎஸ்டி காசு, ட்ரிலியம் என்ற ஒன்ராறியோ உதவிக் காசு எல்லாம் தொடர்ந்து வரும். நிரந்தர வதிவிடம் உள்ளவர்களும் அகதியாக ஏற்கப்பட்டவர்களும் பிள்ளைகள் காசுக்கு விண்ணப்பிக்கலாம். கோரிக்கை ஏற்கப்பட்ட கிழமையே விண்ணப்பத்தைப் போடுங்கள், பலர் ஒரு வருடம் தெரியாமல் இருந்துவிடுகிறார்கள். மார்ச், ஏப்ரலில் நூலகங்களிலும் சமூக நிலையங்களிலும் தன்னார்வலர்கள் இலவசமாக வரி செய்து தருவார்கள்.

வீட்டை விடத்தான் வேண்டும் என்றால்

தங்க இடமில்லாமல் போகும் நிலை வந்தால் அவசரத் தங்குமிடங்களுக்கு இணைக்கும் ரொறன்ரோவின் சென்ட்ரல் இன்டேக்கை அழையுங்கள்: 416-338-4766. மாநகரசபையின் இலக்கமான 311ஐ அழைத்தாலும் இணைப்பார்கள். குடும்பங்களுக்குத் தனி இடங்கள் உண்டு, தனியாட்களோடு ஒரே மண்டபத்தில் படுக்க வைக்க மாட்டார்கள். இடம் உடனே கிடைக்காமலும் போகலாம். திரும்பத் திரும்ப அழையுங்கள், ஒவ்வொரு தடவையும் யாருடன், எத்தனை மணிக்குக் கதைத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். போகும்போது அந்த உறையும், மருந்துகளும், பிள்ளைகளுக்கு ஒரு கிழமைக்கான உடுப்பும் முதலில் கைக்கு வரட்டும்.

பாடசாலைக்கு அன்றே சொல்லுங்கள். ஒன்ராறியோவில் குடிவரவு நிலையைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் பாடசாலை மறுக்க முடியாது. முகவரி மாறினாலும் அதே பாடசாலையில் தொடர வழி இருக்கிறதா என்று அதிபரைக் கேளுங்கள். எல்லாம் குலைந்துபோன மாதத்தில் அதே வகுப்பும் அதே ஆசிரியரும் இருப்பது பிள்ளைக்குப் பெரிய ஆறுதல்.

வீட்டுக்குள் அடி, மிரட்டல் இருப்பதால் வெளியேற நினைக்கும் பெண்களுக்கு வேறு வழி இருக்கிறது. அசோல்டட் விமன்ஸ் ஹெல்ப்லைன், 416-863-0511, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் கதைக்கலாம். வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இருந்தாலும் 28 நாள் அறிவித்தலோடு விலகிவிட இந்தச் சூழ்நிலையில் சட்டம் அனுமதிக்கிறது. அரச வீட்டுப் பட்டியலிலும் முன்னுரிமை உண்டு. "பிள்ளையளுக்காகப் பொறுத்துக்கொள்" என்று சொல்பவர்களிடம் போகாமல் முதலில் இந்த இலக்கத்துக்கு அழையுங்கள், தங்கச்சி.

புது இடம் கிடைத்ததும் வெறும் தரையில் படுக்க வேண்டாம். ஃபேர்னிச்சர் பாங்க் என்ற தொண்டமைப்பு கட்டில், மேசை, கதிரை தருகிறது. பொதுவாக உங்கள் கேஸ்வேர்க்கரோ சமூக அமைப்போ பரிந்துரைக்க வேண்டும். பனிக்கால உடுப்புக்கு நியூ சேர்க்கிள்ஸ் போன்ற இடங்கள் உண்டு.

பட்டியலில் பெயர்

வருமானத்தில் சுமார் 30 வீதத்தை மட்டும் வாடகையாகக் கட்டும் வீடுகளுக்கு ரொறன்ரோவில் ஒரே பட்டியல். காத்திருக்கப் பல வருடமாகும், அதனால்தான் நம்மவர்கள் "அது கிடைக்காது, ஏன் போடுறது" என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்ட வருடங்கள் திரும்பக் கிடைப்பதில்லை. ஸ்காபரோவில் ஹவுசிங் ஹெல்ப் சென்ரர் என்ற அமைப்பு பக்கத்தில் இருந்து விண்ணப்பம் நிரப்ப உதவும். எந்த நெருக்கடியும் இல்லாத ஒரு மாதத்தில் போய் அந்த வேலையை முடியுங்கள்.

பெயர் போட்டதோடு விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு வருடமும் உங்கள் விவரத்தைப் புதுப்பிக்கச் சொல்வார்கள், பதில் போடாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். ஏழு வருடம் காத்திருந்த ஒரு குடும்பம் மிட்லண்டிலிருந்து மார்க்கம் ரோட்டுக்கு வீடு மாறியபோது புது முகவரியைக் கொடுக்க மறந்தது. கடிதம் பழைய வீட்டுக்குப் போய்விட்டது. அவர்கள் இப்போது திரும்ப முதலிலிருந்து நிற்கிறார்கள். வீடு மாறினாலும், ஃபோன் இலக்கம் மாறினாலும், பிள்ளை பிறந்தாலும் அந்தக் கிழமையே பட்டியலில் மாற்றிவிடுங்கள். விண்ணப்ப இலக்கத்தை அந்த உறையின் வெளிப்பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள்.